சமையல்கட்டில் பூண்டு வாசனை

என் மூக்கைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் செய்தது எதுவும் உங்களுக்குப் புரியாது, "என்ன பொம்பளை இவள்" என்று பாதியிலேயே எழுந்து போய்விடுவீர்கள். என் மூக்கு சாதாரண மூக்கில்லை. நெய்க்காரன் தூக்கைத் திறப்பதற்கு முன்பே அதில் டால்டா கலந்திருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவேன். என் வீட்டுக்காரர் விருசபதாசன், கல்யாணமான புதிதில் ஒரு நாள் தேரடி வீதி ஓட்டலில் வெங்காய மசால் வைத்த தோசையைச் சாப்பிட்டுவிட்டு, வாய் கொப்பளித்து, வெற்றிலை போட்டு, அரைமணி நேரம் காற்றாட நடந்துவிட்டு வீட்டுக்கு வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "எந்த ஓட்டல்?" என்று கேட்டேன். மனுஷன் அன்றோடு ஓட்டல் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை.

நாங்கள் சமணர்கள். தலைமுறை தலைமுறையாக இந்தப் பக்கத்திலேயே பயிர் செய்து வாழ்கிறவர்கள். நயினார் வீடு என்பார்கள். தண்ணீரை வடிகட்டாமல் குடிக்க மாட்டோம், பொழுது சாய்ந்தால் சாப்பிட மாட்டோம். கிழங்கு, வெங்காயம், பூண்டு எதுவும் என் வீட்டு வாசற்படியைத் தாண்டியதில்லை. மற்ற நயினார் வீடுகளில் இதெல்லாம் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். ராஜமதி வீட்டில் இருக்காது. அப்படி ஒரு பேர் எனக்கு, அந்தப் பேரில் எனக்குக் கர்வமும் உண்டு.

எங்கள் மகன் தர்மசந்திரனுக்குத் திருவண்ணாமலையில் கூட்டுறவு வங்கியில் வேலை. அவனுக்காகப் பேகோபுரத் தெருவில் வாடகைக்கு வீடு பிடித்து நானும் வந்து இருந்தேன். வீட்டுக்காரர் கிராமத்தில் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, வாரம் ஒருமுறை அரிசியும் தேங்காயுமாக வந்து போவார். எண்பத்தைந்தாம் வருஷம் தை மாதம் தர்மசந்திரனுக்குக் கல்யாணம் செய்தோம். பெண் வந்தவாசிப் பக்கம், எங்கள் ஜனம்தான். ஜெயந்திமாலா என்று பேர். லட்சணமான பெண். பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. மூன்று வருஷம் மெட்ராஸில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தவள். அந்த ஹாஸ்டல் ஒன்றுதான் எனக்கு உறுத்தியது. பெண் பார்க்கப் போனபோதே அவள் அப்பா மல்லிநாதனிடம் நேராகக் கேட்டேன், "ஹாஸ்டல்ல என்னா சாப்பிட்டா?" என்று. "சுத்தமான சாப்பாடுங்க சம்பந்தி, தனியா சமைக்கச் சொல்லி ஏற்பாடு பண்ணியிருந்தேன்" என்றார். சொல்லும்போது துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எதையோ மறைக்கிறார் என்று அப்போதே பட்டது.

ஆனால் பெண் நல்ல பெண். இதைச் சொல்லாமல் இருக்க முடியாது. வைகாசியில் ஒரு கல்யாண வீட்டில் என் அரக்குப் பட்டுப்புடவையில் விளக்கெண்ணெய் கொட்டிவிட்டது. புடவை போச்சு என்று நான் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தேன். அவள் டிரை வாஷ் கடைக்குப் போய் ஒரு சின்னப் பாட்டிலில் தண்ணீர்போல ஒன்றை வாங்கிவந்தாள். கார்பன் டெட்ராகுளோரைடாம்.

"கார்பனோட நாலு குளோரின் சேர்ந்தது அத்தை. எண்ணெயை அப்படியே கரைச்சு எடுத்துடும். தீயும் பிடிக்காது, முன்னல்லாம் நெருப்பை அணைக்கவே இதை வெச்சிருந்தாங்க. ஆனா ஜாஸ்தி மோந்தா ஈரலுக்குக் கெடுதல். நீங்க தள்ளி நில்லுங்க."

என்னைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு அவள் மட்டும் புடவைமேல் குனிந்து பஞ்சால் ஒற்றிக்கொண்டிருந்தாள். எனக்கு முற்றத்தின் அந்தக் கோடியிலேயே தலை சுற்றியது. ஒரு மாதிரி இனிப்பான, குமட்டுகிற வாசனை. "உனக்கு ஒண்ணும் பண்ணலயா?" என்றேன். "லேப்ல பழகிடுச்சு அத்தை" என்று சிரித்தாள். கறை போன இடம் தெரியவில்லை. அந்தப் புடவையைத் தெரு முழுக்கக் காட்டி, "என் மருமவ படிச்ச படிப்பு" என்று நானே பெருமையடித்தேன்.

குறை என்று பார்த்தால் சமையலில் கவனம் கம்மி. பால் திரிந்திருக்கும், அதையே காய்ச்சிக் காபி கலந்துகொண்டு வருவாள். பருப்பு அடிபிடித்து வாசல் வரை தீய்ந்த வாசனை வரும், அவள் அடுப்புக்குப் பக்கத்திலேயே நின்று காய் நறுக்கிக்கொண்டிருப்பாள். "புத்தி எங்கடி போச்சு?" என்று கத்துவேன். "மன்னிச்சுக்கோங்க அத்தை" என்பாள். வேறு ஒரு வார்த்தை வராது.

புரட்டாசியில் தர்மசந்திரன் மெட்ராஸில் ஆறு வாரம் டிரெயினிங் என்று போய்விட்டான். அவன் போன மூன்றாம் நாள், எழுதிவைத்து இரண்டு வருஷமாகக் காத்திருந்த கேஸ் அடுப்பு வந்து சேர்ந்தது. எனக்கு அந்த அடுப்பே பிடிக்கவில்லை. கிருஷ்ணாயில் ஸ்டவ் என்ன பாவம் செய்தது? பூட்ட வந்த ஆள் செருப்போடு சமையல்கட்டுக்குள் நுழைந்ததும் எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது. எப்படிப் பற்றவைப்பது, எப்படி அணைப்பது என்று ஜெயந்திக்குக் காட்டிவிட்டு, "இன்னொரு விஷயம்மா, வாசனை..." என்று அவன் ஆரம்பித்தான்.

"வாசனையைப் பத்தி எனக்கு நீ சொல்லித் தரவேணாம். முதல்ல செருப்பை வெளிய கொண்டுபோ" என்றேன்.

அவன் முணுமுணுத்துக்கொண்டே கருவிப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அந்த மனுஷனை ஒரு நிமிஷம் பேச விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

அடுப்பு வந்த ஐந்தாம் நாள் காலை சமையல்கட்டுக் கதவைத் திறந்ததும் என் மூக்கில் அது ஏறியது. பூண்டு. நல்ல பூண்டு இல்லை, அழுகிப்போன பூண்டு. எனக்கு நம்பவே முடியவில்லை. பூண்டை நான் வாழ்நாளில் தொட்டதில்லை, ஆனால் அதன் வாசனை தெரியும். பக்கத்துப் போர்ஷன் மணியம்மாள் தினமும் அதைத்தான் தட்டிப்போட்டு ரசம் வைக்கிறாள். அவள் வீட்டிலிருந்துதான் வருகிறது என்று போய்க் கேட்டேன். அவள் போளூருக்கு மகள் பிரசவத்துக்குப் போக மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள்.

"எங்க வூட்ல ரெண்டு நாளா அடுப்பே பத்தவெக்கலியே. உங்க வூட்லயா பூண்டு வாசனை?" என்று கண்ணை அகலமாக்கினாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "மெட்ராஸ்ல படிச்ச பொண்ணாச்சே ராஜமதியம்மா. நாக்கு கேக்குதோ என்னமோ!"

அவள் அதை விளையாட்டாகச் சொன்னாள். என் மனதில் அது முள்ளாகத் தைத்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் ஜெயந்தியை நிறுத்திக் கேட்டேன்.

"பூண்டை எங்க ஒளிச்சு வெச்சிருக்க?"

"பூண்டா? என்னா சொல்றீங்க அத்தை?"

"சமையல்கட்டே நாறுது. எங்க வெச்சிருக்க?"

அவள் சமையல்கட்டை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். "எந்த வாசனையும் இல்லயே அத்தை" என்றாள்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. தப்பு செய்தால் செய்ததை ஒப்புக்கொள்ளட்டும். மூக்கைத் துளைக்கிற நாற்றத்தை வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தே இல்லை என்கிறாளே! அதற்கப்புறம் தினமும் இதே பாட்டுதான். காலையில் கதவைத் திறப்பேன், நாறும். கேட்பேன், இல்லை என்பாள். அவள் கையை இழுத்து மோந்து பார்த்தேன். முந்தானையை மோந்து பார்த்தேன். ஒன்றும் இல்லை. சாப்பிட்டுவிட்டு நன்றாகக் கழுவிவிடுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். தெருவில் போகிறவர்கள் மூக்கில் பட்டால் நம் மானம் என்னாவது என்று தெருப்பக்க ஜன்னலைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். ராத்திரி அவள் அழுவது கேட்கும். கேட்டாலும் மனம் இளகவில்லை. பொய்க்காரியின் அழுகை என்றுதான் தோன்றியது.

புதன்கிழமை மல்லிநாதனுக்கு இன்லண்ட் லெட்டர் எழுதினேன். "உங்கள் பெண் எங்கள் வீட்டுச் சமையல்கட்டைத் தீட்டாக்கிவிட்டாள். சனிக்கிழமை வந்து உங்கள் கண்ணாலேயே பார்த்து, அவளை அழைத்துக்கொண்டு போகவும்." மகனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, வீட்டுக்காரரிடமும் சொல்லவில்லை. வாழ வந்த பெண்ணைத் திருப்பி அனுப்புவது என்றால் என்ன என்று எனக்குத் தெரியாமல் இல்லை. எங்கள் ஜனம் கொஞ்சம் ஜனம், எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். திரும்பிப் போனால் அவள் வாழ்க்கை அதோடு முடிந்தது. தெரிந்தேதான் எழுதினேன்.

வெள்ளிக்கிழமை, அவர் வருவதற்குள் பூண்டைக் கையும் களவுமாக எடுத்துவிட வேண்டும் என்று சமையல்கட்டையே கவிழ்த்துப்போட்டேன். அரிசிப்பானை, பருப்பு டின், புளி ஜாடி ஒன்றும் விடவில்லை. கேஸ் சிலிண்டருக்குப் பின்னால் ஒளித்திருப்பாளோ என்று அதையும் உருட்டி வெளியே இழுத்தேன். கனமான கனம். திரும்பத் தள்ளும்போது அதன் தலையில் இருந்த ரெகுலேட்டர் சுவரில் நன்றாக இடித்தது. பூண்டு கிடைக்கவில்லை. ஆனால் அன்று மத்தியானத்திலிருந்து நாற்றம் இரண்டு பங்காகிவிட்டது. கிளறிவிட்டதால் வெளியே வருகிறது, இங்கேதான் எங்கேயோ இருக்கிறது என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது.

சனிக்கிழமை காலையில் பின்கதவைத் திறந்துவைத்து ஜெயந்தி சமைத்தாள். ஒன்பது மணிக்கு அடுப்பை அணைத்ததும் அவளை வெளியே வரச் சொல்லிவிட்டு, பின்கதவை, ஜன்னல்களை எல்லாம் இறுகச் சாத்தினேன். சமையல்கட்டுக் கதவையும் சாத்தி, அடியில் இருந்த இடுக்கில் கோணிப்பையைச் சுருட்டி அடைத்தேன். மல்லிநாதன் வருவதற்குள் வாசனை போய்விட்டால் எனக்கு வேறு சாட்சி ஏது? எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. அவளும் சாப்பிடவில்லை. கூடத்தின் இரண்டு மூலைகளில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம்.

மல்லிநாதன் நாலு மணிக்கு வந்தார். மலைமேல் கருமேகம் திரண்டு, மூன்று மணிக்கே கரண்டும் போயிருந்தது. செம்பில் தண்ணீர் கொடுத்தேன். குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். மகள் முகத்தை அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"மெட்ராஸ்ல என்னமோ பழகியிருக்கும் சம்பந்தி. சின்னப் பொண்ணு. நான் சொல்லித் திருத்தறேன், ஒரு தடவை மன்னிச்சுடுங்க" என்றார்.

ஜெயந்தி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பா, நீங்களுமா?" என்று மட்டும் கேட்டாள்.

"மன்னிக்கறது அப்புறம். முதல்ல வந்து மோந்து பாருங்க. நான் பொய் சொல்றேன்னு நாளைக்கு யாரும் சொல்லக்கூடாது" என்று நான் கோணிப்பையை இழுத்துப்போட்டுக் கதவைத் திறந்தேன். ஓர் அலையாக வந்து முகத்தில் அடித்தது. மல்லிநாதன் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு இரண்டடி பின்னால் போனார். உள்ளே ஒரே இருட்டு. நான் லாந்தர் விளக்கை ஒரு கையிலும் தீப்பெட்டியை ஒரு கையிலும் எடுத்துக்கொண்டு வாசற்படியில் நின்றேன்.

"இங்க நின்னா கம்மி. குனிஞ்சு தரைகிட்ட மோந்து பாருங்க, எவ்ளோ ஜாஸ்தியா இருக்குன்னு. மேடைக்கு அடியிலதான் எங்கயோ பொதைச்சு வெச்சிருக்கா. இருங்க, விளக்கு ஏத்தறேன்" என்று தீப்பெட்டியைத் திறந்து ஒரு குச்சியை எடுத்தேன்.

"கீழயா ஜாஸ்தி?" என்றாள் ஜெயந்தி, பின்னாலிருந்து.

"தரையிலதான். தெரியாதவமாதிரி கேக்கறா பாருங்க!"

அடுத்த நொடி அவள் என்மேல் பாய்ந்தாள். என் மணிக்கட்டில் ஓங்கி ஓர் அடி. தீப்பெட்டி எகிறிக் கூடத்தில் போய் விழுந்தது, குச்சிகள் சிதறின. லாந்தர் கீழே விழுந்து கண்ணாடி உடைந்தது. மாமியாரைக் கைநீட்டி அடித்துவிட்டாள் என்று நான் திகைத்துப்போய் நிற்கிறேன், அவள் என்னைத் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே போகிறாள்.

"கேஸு அத்தை! அது கேஸு! வெளிய போங்க! அப்பா, அத்தையை வெளிய கூட்டிட்டுப் போங்க! தெருவுல யாரும் அடுப்பு பத்தவெக்க வேணாம்னு சொல்லுங்க!"

நாங்கள் தெருவுக்கு ஓடினோம். அவள் மட்டும் முந்தானையை முகத்தில் சுற்றிக்கொண்டு அந்த இருட்டுக்குள் போனாள். பின்கதவு திறக்கிற சத்தம் கேட்டது. ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. பிறகு ஒரு சத்தமும் இல்லை. இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும். மல்லிநாதன், "ஜெயந்தி, ஜெயந்தி" என்று சின்னப் பிள்ளைபோல அழைத்துக்கொண்டே இருந்தார். ரெகுலேட்டரைக் கழற்றி, சிலிண்டர் வாய்க்கு மூடி போட்டு இறுக்கிவிட்டு, இருமிக்கொண்டே அவள் வெளியே வந்தாள். வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

எனக்குக் கோபம் போகவில்லை. பயத்தில் இன்னும் அதிகமாகியிருந்தது. "கேஸுன்னா இத்தனை நாளா ஏண்டி சொல்லல? எல்லாரையும் கொளுத்தப் பாத்தியா?" என்றேன்.

"எனக்கு வாசனை தெரியாது அத்தை."

"என்னா தெரியாது?"

"எந்த வாசனையும் தெரியாது. காலேஜ் மூணாம் வருஷம் லேப்ல அயோடோபார்ம்னு ஒண்ணு செஞ்சோம். கார்பனும் அயோடினும் சேர்ந்த மஞ்சப்பொடி. ஆஸ்பத்திரியில புண்ணுக்குப் போடுவாங்க, அந்த ஆஸ்பத்திரி வாசனை அதோடதுதான். அன்னிக்கு ராத்திரியே எனக்குக் காய்ச்சல். டைபாய்டு, இருபது நாள். எழுந்து உக்காந்தப்போ மூக்கு போயிடுச்சு. நான் கடைசியா மோந்தது அந்தப் பொடியைத்தான்."

மல்லிநாதன் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு என் முன்னால் வந்தார். "மறைச்சுட்டோம் சம்பந்தி. உங்க மூக்கைப் பத்தி ஊரே பேசும். சொன்னா எடுக்க மாட்டீங்கன்னு பயம். நான்தான் சொல்லவேணாம்னேன்."

"என் மகனையும் ஏமாத்திட்டீங்களே!"

"அவருக்குத் தெரியும் அத்தை" என்றாள் ஜெயந்தி. "கல்யாணமான நாலாம் நாளே சொல்லிட்டேன். மாமாவுக்கும் தெரியும். அம்மாகிட்ட மட்டும் சொல்லாதன்னு ரெண்டு பேரும் சொன்னாங்க."

எட்டு மாதமாக என் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த ஒன்று எனக்கு மட்டும் தெரியவில்லை. என் மகன், முப்பது வருஷம் கூட வாழ்ந்த மனுஷன், இரண்டு பேரும் என்னிடம் சொல்லப் பயந்திருக்கிறார்கள். திரிந்த பாலுக்கும் தீய்ந்த பருப்புக்கும் நான் கத்தியபோதெல்லாம் தர்மசந்திரன் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டது ஞாபகம் வந்தது.

"அப்ப அந்த நாத்தம்? பூண்டு நாத்தம்தானே அது?" என்றேன்.

"உங்க மூக்கு சொன்னது சரிதான் அத்தை. கேஸுக்குன்னு வாசனையே கெடையாது. கசிஞ்சா யாருக்கும் தெரியாமப் போயிடும்னு மெர்காப்டன்னு ஒண்ணைத் துளியூண்டு கலப்பாங்க. கார்பனும் கந்தகமும் சேர்ந்தது. பூண்டுலயும் கார்பனும் கந்தகமும் சேர்ந்ததுதான் நாறுது. ரெண்டும் பங்காளிங்கமாதிரி. உசிரைக் காப்பாத்தறதுக்குன்னே கலக்கற நாத்தம் அது." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இதெல்லாம் பரீட்சையில எழுதினவதான் நான். நீங்க பூண்டுன்னு சொன்னதும், என்னைத் தொரத்தறதுக்குப் பழி போடறீங்கன்னு அழுகைதான் வந்துச்சு. யோசனை வரல. தரைகிட்ட ஜாஸ்தின்னு சொன்னீங்க பாருங்க, அப்பதான் பொறி தட்டுச்சு. கேஸு காத்தைவிடக் கனம், கீழதான் தங்கும்."

உயிரைக் காப்பாற்றுவதற்கென்று போட்ட நாற்றத்தைத்தான் நான் ஜன்னலைச் சாத்தி, கோணிப்பை அடைத்துச் சேர்த்து வைத்திருக்கிறேன். அதன் வாயில் நின்றுகொண்டு தீக்குச்சி கிழிக்கப் போனேன். ஈ எறும்பு சாகக்கூடாதென்று தண்ணீரை வடிகட்டிக் குடிக்கிறவள் நான்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா" என்றேன்.

அவள் நிமிர்ந்து என் கண்ணைப் பார்த்தாள். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. "எனக்கு வருது, உனக்கு வருதான்னு நீங்க ஒருநாள் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன் அத்தை. எங்க ஒளிச்சு வெச்சன்னுதான் தினமும் கேட்டீங்க."

எழுந்து உள்ளே போனாள். காலையிலேயே அவள் துணிமணிகளை நான் ஒரு தகரப் பெட்டியில் அடைத்து வைத்திருந்தேன். அதைத் தூக்கிக்கொண்டு வந்து தெருவில் வைத்தாள். "போலாம்பா. வந்தவாசி பஸ் ஆறரைக்கு" என்றாள்.

எந்த முகத்தோடு தடுப்பது? அதற்குள் தெருவில் கூட்டம் சேர்ந்திருந்தது. அடுப்பை அணைத்துவிட்டு வந்தவர்கள், வேடிக்கை பார்க்க வந்தவர்கள். அந்த நேரம் பார்த்து மணியம்மாள் போளூரிலிருந்து கூடையும் பையுமாக வந்து இறங்கினாள். தகரப் பெட்டியைப் பார்த்தாள், மல்லிநாதனைப் பார்த்தாள்.

"என்னா ராஜமதியம்மா, பூண்டு தின்னு மாட்டிக்கினாளா?" என்று தெருவுக்கே கேட்கிற குரலில் கேட்டாள்.

"அவ பூண்டைத் தொடல" என்றேன். "கேஸு கசிஞ்சிருக்குது. அது நாறியிருக்குது."

"அடக் கடவுளே! பத்து நாளா கேஸா நாறிச்சு? அப்ப பி.எஸ்ஸி. படிச்ச பொண்ணு, அதுக்குத் தெரியலயா? அது மூக்கு எங்க போச்சு?"

யாரோ சிரித்தார்கள். ஜெயந்தி தலையைக் குனிந்துகொண்டாள். மல்லிநாதன் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்தபடி அப்படியே நின்றார். அந்தக் கேள்விக்கு உள்ளதை உள்ளபடி நான் சொன்னால் போதும், என் மேல் இருக்கிற பழி பாதிக்கு மேல் அவர்கள் பக்கம் போய்விடும். மூக்கில்லாத பெண்ணை மறைத்துத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று ஊர் என்னோடு சேர்ந்து பேசும். விடியும்முன் கிராமத்துக்குப் போய்ச் சேரும். அதற்கப்புறம் அவள் இருந்தாலும் போனாலும் அதுதான் அவள் பேர்.

"தெரிஞ்சுது" என்றேன். "முதல் நாளே சொன்னா. இது பூண்டு இல்ல அத்தை, கேஸுன்னு படிச்சுப் படிச்சு சொன்னா. நான்தான் கேக்கல."

மணியம்மாள் கூடையைக் கீழே வைத்தாள். "நீங்களா? உங்க மூக்குக்கா தெரியல?"

"என் மூக்கு கெட்டுப்போய் எட்டு மாசமாச்சு மணியம்மா. எது என்னா வாசனைன்னே தெரியறதில்ல. பால் திரிஞ்சதுகூடத் தெரியாம அடுப்புல வெச்சது நான், பருப்பைத் தீய்ச்சது நான். வெளிய சொல்ல வெக்கப்பட்டுக்கினு எல்லாத்தையும் இந்தப் பொண்ணு தலையில போட்டேன். இன்னிக்கு என்னையும் உங்க எல்லாரையும் காப்பாத்தினது அவதான்."

ஐம்பத்தொரு வயதில் நான் அறிந்து சொன்ன பொய் அது. பொய்யாமை எங்களுக்கு விரதம். அதற்கு என்ன பிராயச்சித்தமோ செய்துகொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் நின்றேன். "மூக்கு மூக்குன்னு என்னா பேச்சு பேசுச்சு இந்தம்மா!" என்று ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்னது காதில் விழுந்தது. விழட்டும். மணியம்மாள் உச்சுக்கொட்டிக்கொண்டே கூடையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கூட்டமும் கலைந்தது. மலைக்குப் பின்னால் மேகம் விலகி, மஞ்சள் வெயில் கொஞ்சம் தெருவில் விழுந்தது.

ஜெயந்தி என்னை ஏறிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் குனிந்து அப்பாவின் கையைப் பெட்டியின் கைப்பிடியிலிருந்து எடுத்துவிட்டாள்.

"நீங்க கெளம்புங்கப்பா, பஸ் போயிடும்" என்றாள். "அத்தை காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல. பொழுது சாயறதுக்குள்ள அவங்களுக்கு அவல் ஊற வெக்கணும்."